டைட்டன் ஒரு முல்லை நிலம்

2025 நவம்பரில் ஒரு ராத்திரி, நண்பரிடம் இரவல் வாங்கிய தொலைநோக்கியை மொட்டை மாடியில் நிறுத்திச் சனியைத் தேடிப் பிடித்தேன். கீழ்வீட்டுப் பெண், ஆறாவது படிக்கிறாள், சத்தம் கேட்டு மேலே வந்துவிட்டாள். கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், வளையத்தையே காணோமே?" என்றாள். உண்மைதான். பாடப்புத்தகப் படத்தில் இருக்கிற அகன்ற வளையம் அன்றைக்கு இல்லை, கொழுக்கட்டையின் குறுக்கே ஈர்க்குச்சி செருகியது மாதிரி ஒரு மெல்லிய கோடு மட்டும். அந்தக் கோட்டின் நேரிலேயே கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி. அதுதான் டைட்டன், சனியோட பெரிய நிலா, அங்கே மேகம் உண்டு, மழை உண்டு, ஆறு ஓடும், ஏரி இருக்கு, ஆனா எதுவும் தண்ணி கிடையாது, எல்லாம் மீத்தேன் என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இப்ப அங்க மழையா?"

இருக்கலாம் என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. வளையம் கோடாகத் தேய்ந்து தெரிவதற்கும் டைட்டனில் மழை பெய்வதற்கும் தொடர்பு இருக்கிறது. சனி சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 29.5 வருடம். அதில் இரண்டு தடவை வளையத்தின் விளிம்பு சூரியனுக்கு நேராக வரும், அதுதான் சனிக்கும் அதன் நடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் டைட்டனுக்கும் பகலும் இரவும் சமமாகும் காலம். பூமியும் சூரியன் பக்கமே இருப்பதால் நமக்கும் அப்போது வளையம் கோடாகிவிடும். 2009 ஆகஸ்டில் அப்படி வந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் காசினி விண்கலம் டைட்டனின் நடுக்கோட்டுப் பக்கம் அம்புமுனை வடிவத்தில் ஒரு பெரிய மேகத்தைப் படம் எடுத்தது. மேகம் நகர்ந்த பிறகு பார்த்தால் கீழே தரை கறுத்துக் கிடந்தது, கிட்டத்தட்ட 5 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல் நாலு மடங்கு. மணல்மேடுகள் நிறைந்த வறண்ட பூமி, மழையில் நனைந்திருக்கிறது. அதே காலம் 2025 மே மாதத்தில் திரும்ப வந்தது. அதனால் அந்தப் பெண் கேட்டது சரியான நேரத்தில் கேட்ட சரியான கேள்வி.

நம் ஊரில் சனியின் வேகம் எல்லோருக்கும் தெரியும். ராசிக்கு இரண்டரை வருடம், மூன்று ராசி கடந்தால் ஏழரை. பன்னிரண்டில் மூன்று என்றால் சுற்றில் கால் பங்கு. டைட்டனில் ஒரு பருவத்தின் நீளமும் அதே கால் பங்குதான், அதாவது அங்கே குளிர்காலம் என்பது ஒரு முழு ஏழரை. குளிர்காலத் தொடக்கத்தில் அங்கே ஒரு குழந்தை பிறந்தால், அது முதல் வசந்தத்தைப் பார்க்கும்போது ரெண்டாவது படித்துக்கொண்டிருக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளிக்கோள்களும் அவற்றின் நிலவுகளும் களமாக வரும் அறிவியல் புனைகதைகளை இருபது வருடமாகத் தேடித்தேடிப் படிக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் நிலவு வெறும் பெயர்ப்பலகை. வெளியே குளிர், காற்றில்லை, உள்ளே ஒரு உலோகக் கூடாரம், அதில் சண்டை போடும் ஆறு பேர். இப்படிப்பட்ட கதை கிடைத்தால் ஒரு சோதனை செய்வேன். நிலவின் பெயரை அழித்துவிட்டு அங்கே வேறொரு நிலவின் பெயரைப் போட்டுப் படிப்பேன். கானிமீடு இருந்த இடத்தில் ரேயா. கதையில் ஒரு வாக்கியம்கூட மாறவேண்டியதில்லை என்றால் அந்தக் கதை எங்கேயும் நடக்கவில்லை.

இந்தச் சோதனையில் பழைய கதைகள் நன்றாகவே தேறுகின்றன, அதுவும் அறிவியல் தப்பாக இருக்கிற கதைகள். ஸ்டான்லி வெயின்பாம் என்ற அமெரிக்கர் 1935இல் வியாழனின் நிலவான அயோவை வைத்து 'த மேட் மூன்' என்று ஒரு கதை எழுதினார். அவருடைய அயோ ஒரு காய்ச்சல் காடு. மருந்துக்கான இலை சேகரிக்கும் வேலைக்குப் போன ஆள் காய்ச்சலில் எது நிஜம், எது பிரமை என்று தெரியாமல் திண்டாடுகிறான். வியாழன் இன்னும் ஆறாத அடுப்பு, அதன் சூட்டில் பக்கத்து நிலவுகள் கதகதப்பாக இருக்கும் என்ற பழைய நம்பிக்கையை அந்தக் காலத்துக் கதைகள் பிடித்துக்கொண்டிருந்தன. இன்று நமக்குத் தெரியும், அயோவில் காடு கிடையாது, சுவாசிக்கக் காற்று கிடையாது, கந்தகம் பூசிய மஞ்சள் தரை, எரிமலைகள். ஆனால் அந்தக் கதையில் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் வியாழனை எடுத்துவிட்டால் கதை நிற்காது. அந்த இடத்தின் காய்ச்சல்தான் அந்த மனிதனின் காய்ச்சல்.

அப்புறம், அவர் காரணத்தில்தான் தவறினார். அயோ நிஜமாகவே வியாழனால்தான் சூடாகிறது. வியாழனின் ஈர்ப்பும், பக்கத்து நிலவுகளான யூரோப்பா, கானிமீடு இரண்டின் இழுப்பும் சேர்ந்து அயோவைப் பிசைகின்றன, பிசையப் பிசைய உள்ளே சூடேறி உருகுகிறது. பீல், காசன், ரெனால்ட்ஸ் என்ற மூன்று பேர் இதைக் கணக்குப் போட்டு 1979 மார்ச் 2 அன்று கட்டுரையாக வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே, வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படம் ஒன்றில் அயோவின் ஓரத்தில் குடை விரித்தது போல ஏதோ எழும்புவதை லிண்டா மொராபிட்டோ என்ற பொறியாளர் கவனித்தார். எரிமலைப் புகை. வெயின்பாம் அதைப் பார்க்கவில்லை, 1935 டிசம்பரிலேயே முப்பத்துமூன்று வயதில் இறந்துவிட்டார்.

டைட்டனுக்கு வருவோம். 1655இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கண்டுபிடித்ததிலிருந்து அது வெறும் புள்ளியாகவே இருந்தது. 1944இல் ஜெரார்டு கைப்பர் அதன் ஒளியைப் பகுத்துப் பார்த்து மீத்தேன் இருக்கிறது என்றார். காற்றுமண்டலம் உள்ள நிலா! எழுத்தாளர்களுக்கு அதைவிட என்ன வேண்டும், அவரவர் மனதில் இருந்ததை அந்தத் திரைக்குப் பின்னால் வரைந்தார்கள். 1980 நவம்பரில் வாயேஜர் 1 அதன் பக்கத்தில் போனது. அப்படிப் போவதற்கு ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது. டைட்டனை நெருங்கிப் பார்க்கும் பாதையைத் தேர்ந்தெடுத்தால் அதற்கப்புறம் புளூட்டோ பக்கம் போகமுடியாது. புளூட்டோவை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குக் கிடைத்த படங்களில் ஒரு ஆரஞ்சு நிற உருண்டை, மேலே பனிப்புகை, கீழே என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கருவிகள் சும்மா இருக்கவில்லை. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், தரையில் அழுத்தம் பூமியைப்போல் ஒன்றரை மடங்கு, வெப்பநிலை சுமார் மைனஸ் 179 டிகிரி என்று சொல்லின. அந்த எண்களை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகளே அடுத்த சில வருடங்களில், நிலவு முழுக்க ஈத்தேன் கடல் இருக்கலாம் என்று எழுதினார்கள். திரை விலகவில்லை, திரைமேல் போட்ட படம் மட்டும் மாறியது.

திரை விலகிய நாள் 2005 ஜனவரி 14. எங்களுக்கு அது பொங்கல். சுனாமி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, எங்கள் தெருவில் யாருக்கும் பொங்கல் வைக்கும் மனசு இல்லை. அப்புறம் ஒரு நாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. ஹைகன்ஸ் என்ற ஐரோப்பியக் கலம் பாராசூட்டில் இரண்டரை மணி நேரம் இறங்கி டைட்டன் தரையில் உட்கார்ந்து எடுத்த படம். ஆரஞ்சு வெளிச்சம், ஈர மணல் மாதிரித் தரை, அதில் உருண்டை உருண்டையாகக் கற்கள். ஆற்றங்கரைக் கூழாங்கல் எப்படி இருக்குமோ அப்படியே. அவை கல் இல்லை, பாறைபோல் இறுகிய பனிக்கட்டி, ஓடிய மீத்தேனில் உருண்டு உருண்டு மழுங்கியவை. அந்தப் படத்தை வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன், இன்றும் இருக்கிறது, ஓரம் மட்டும் பழுத்துவிட்டது.

அந்த இறக்கத்தைப் பற்றிப் பிற்பாடு படித்தது இன்னும் பிடித்திருந்தது. கலம் தரையில் மோதிப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி பறித்தது, எம்பியது, முப்பது நாற்பது சென்டிமீட்டர் சறுக்கியது, ஐந்து தடவை முன்னும் பின்னும் ஆடியது, அப்புறம் அடங்கியது. எல்லாம் பத்து விநாடிக்குள். கலத்தின் சூடு பட்டதும் தரையில் ஊறியிருந்த மீத்தேன் ஆவியாகி மேலே வந்ததைக் கருவி முகர்ந்து சொன்னது. ஈரத்தரையில் சூடான பாத்திரத்தை வைத்தால் எழும் ஆவி மாதிரி. இரண்டு அலைவரிசையில் தகவல் அனுப்பியது, அதில் ஒன்றைக் கேட்கவேண்டிய ஏற்பியை இயக்கும் கட்டளை விட்டுப்போனதால் சுமார் 350 படங்கள் யாருக்கும் கிடைக்காமலே காற்றோடு போயின. அந்த 350 படங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

இப்போது டைட்டனைப் பற்றி நிறையத் தெரியும். ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒன்று. காற்றோ பூமியைவிட நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி. கையில் இறக்கை கட்டிக்கொண்டால் மனிதன் பறக்கலாம். விண்வெளி உடை தேவையில்லை, கனமான குளிர்உடுப்பும் ஆக்சிஜன் முகமூடியும் போதும். சுற்றிலும் மீத்தேன் இருந்தும் தீ பற்றாது, எரிய ஆக்சிஜன் வேண்டுமே. மழைத்துளி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூடப் பருக்கும், விழுவதோ விநாடிக்கு 1.6 மீட்டர்தான். நாம் வேகமாக நடக்கிற நடை அது. கையை நீட்டிக் காத்திருக்கலாம், எந்தத் துளி எந்த விரலில் விழும் என்று கண்ணால் தொடர்ந்து பார்க்கலாம்.

இங்கேதான் எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. முதல், கரு, உரி. ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தோம், அதன் அருமை அப்போது புரியவில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. கதை மாந்தர்கள் என்ன உணர்கிறார்கள் என்ற உரிப்பொருள் அந்த நிலத்தோடும் பொழுதோடும் பிணைந்தது. மலையென்றால் கூடல், கடற்கரையென்றால் இரங்கல். இடம் என்பது பின்னால் தொங்கும் படுதா இல்லை என்று நம் ஆட்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இலக்கணம் போட்டுவிட்டார்கள். நான் பெயரை அழித்துப் பார்க்கிற அந்தச் சோதனை வேறொன்றுமில்லை, திணை இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

முல்லைக்கு என்ன சொன்னார்கள்? பெரும்பொழுது கார்காலம். சிறுபொழுது மாலை. உரிப்பொருள் இருத்தல், பிரிந்து போனவன் வருவான் என்று காத்திருத்தல். டைட்டனில் நின்று பாருங்கள். புகைக்கு மேலே நண்பகலாக இருந்தாலும் தரைக்கு வருவது சூரியன் மறைந்து கொஞ்ச நேரம் கழித்து நம் ஊரில் இருக்கும் வெளிச்சம்தான். பகல் முழுக்க மாலை. அந்தப் பகலும் நம் கணக்கில் எட்டு நாள் நீளம். நடுக்கோட்டு மணல்வெளியில் கார்காலம் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும். பூமிக்கு ஒரு வார்த்தை அனுப்பினால் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சனி தூரத்தில் இருக்கும் மாதங்களில் ஒன்றரை மணி, பதில் வர இன்னொரு அவ்வளவு. அங்கே இருக்கிறவளோடு யாரும் பேசவே முடியாது. எழுதி அனுப்பலாம், காத்திருக்கலாம். காடு மட்டும் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் முல்லை.

முல்லைப் பாட்டுகளில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, ஆனால் மழை வந்துவிட்டது. தோழி சமாளிக்கிறாள்: இது கார் இல்லையடி, பருவம் தப்பி வந்த வம்ப மாரி, இந்தக் கொன்றை மரத்துக்குத்தான் அறிவில்லை, ஏமாந்து பூத்துவிட்டது. டைட்டனில் இந்தக் காட்சியை எழுதினால் ஒரு வரி விளக்கம்கூடத் தேவைப்படாது. 2010 மேகம் மாதிரி ஒன்று மணல்வெளிமேல் வருகிறது, அது பருவ மழையா, தப்பி வந்ததா என்று வானிலைக் கணக்குப் போடுகிற தோழி.

இந்த அளவுக்கு நிலத்தை உள்ளே வாங்கிக்கொண்டு எழுதியவர்களில் ஆர்தர் சி. கிளார்க்கை முதலில் சொல்வேன். 1956இலிருந்து 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர், கடலில் மூழ்கிப் பார்க்கும் ஆசைதான் அவரை அங்கே கொண்டுவந்தது. கொழும்புப் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு டைட்டனின் குளிரை எழுதினார். 1975இல் வந்த அவருடைய 'இம்பீரியல் எர்த்' நாவலில் டைட்டனில் பிறந்து வளர்ந்த ஒருவன் பூமிக்கு வருகிறான். ஏழில் ஒரு பங்கு எடையில் வளர்ந்த உடம்பு, நம் எடையைத் தாங்குவதே அவனுக்குப் பெரிய பாடு. அதைப் படித்துவிட்டு நான் மாடிப்படி ஏறும்போது என் முழங்காலில் பூமியை உணர்ந்தேன். ஒரு நிலவைப் பற்றிய கதை நம் வீட்டு மாடிப்படியை மாற்றுகிறதே, அதற்காகத்தான் இந்தக் கதைகளைப் படிக்கிறேன்.

கிளார்க்கின் இன்னொரு நிலா ஐயாபெட்டஸ். ஒரு பக்கம் பனி வெள்ளை, மறுபக்கம் கரி. 1671இல் அதைக் கண்டுபிடித்த காசினி என்ற வானியலாளருக்கு, சனியின் ஒரு பக்கம் வரும்போது தெரிந்த நிலா மறுபக்கம் போனதும் காணாமல் போனது, அதிலிருந்தே அதன் பாதி கறுப்பு என்று ஊகித்தார். 1968இல் வந்த அவருடைய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' நாவல் போய் முடிவது அங்கேதான். திரைப்படத்தில் சனியின் வளையத்தை நம்பும்படி உருவாக்க முடியாமல் போனதால் வியாழனுக்கு மாற்றிவிட்டார்கள். நாவலில் அந்த வெள்ளைப் பரப்பின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். வாயேஜர் 1 எடுத்த ஐயாபெட்டஸ் படத்தில் அப்படியே வெள்ளை நீள்வட்டமும் நடுவில் புள்ளியும் தெரிய, விஞ்ஞானி கார்ல் சேகன் அதைப் பிரதி எடுத்து கிளார்க்குக்கு அனுப்பிவைத்தார். அந்தத் தபாலைப் பிரித்தபோது கிளார்க்கின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

யூரோப்பாவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பனி ஓட்டுக்கு அடியில் பூமியின் கடல்களைவிட அதிகத் தண்ணீர், உயிர் இருக்கலாம், ஆசை வருவது இயல்புதான். ஆனால் அந்தக் கடலுக்குக் கரை இல்லை. நெய்தல் என்றால் கரையில் நின்று கடலைப் பார்க்கும் ஒருத்தி வேண்டும், யூரோப்பாவில் நிற்க இடமே கிடையாது. மேல்பரப்பில் வியாழனின் கதிர்வீச்சு ஒரு நாளைக்குச் சுமார் 5.4 சீவர்ட், ஒரு மனிதனைக் கொல்ல அது போதும். அதனால் யூரோப்பாக் கதைகள் எல்லாம் துளைபோட்டுக் கீழே இறங்கும் கதைகளாகவே ஆகிவிடுகின்றன. இருபது படித்தாகிவிட்டது, போதும். வியாழனின் இன்னொரு நிலவான, கதிர்வீச்சு குறைந்த கலிஸ்டோவில் யாராவது குடியிருக்கிற கதை எழுதுங்கள், நாசா 2003இல் மனிதர்களை அனுப்புவது பற்றி ஆய்வு செய்தபோதே அதைத்தான் தேர்ந்தெடுத்தது.

யுரேனஸின் மிராண்டாவையும் விடமுடியாது. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 பார்த்தது, அதற்கப்புறம் ஒருவரும் போகவில்லை. அங்கே ஒரு செங்குத்துப் பாறைச்சுவர், உயரம் இருபது கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்கிறார்கள். அங்கே ஈர்ப்பு அவ்வளவு குறைவு, விளிம்பிலிருந்து கால் தவறினால் தரையைத் தொட பன்னிரண்டு நிமிடம் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர், பிழைக்கமாட்டோம். பன்னிரண்டு நிமிடம் என்றால் ஒரு சிறுகதைக்கு வேண்டிய நேரம். விழுகிறவனுக்கு ஒன்றும் செய்ய முடியாது, ரேடியோ வேலை செய்கிறது, மேலே நிற்கும் ஆளோடு பேசலாம். இந்தக் கதையை எங்கேயும் நகர்த்த முடியாது. பூமியில் அவனுக்கு இரண்டு வாக்கியம்கூடக் கிடைக்காது.

டைட்டனின் சமவெளிகளுக்கு ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் 'டியூன்' நாவல்களில் வரும் கோள்களின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கதையிலிருந்து நிலத்துக்குப் பெயர் போயிருக்கிறது. அடுத்து அங்கே போகப்போகிற நாசாவின் கலத்துக்குப் பெயர் டிராகன்ஃபிளை, தட்டான். எட்டு விசிறியோடு மணல்மேடுகளுக்கு மேலே தாழப் பறந்து இடம்விட்டு இடம் போய் உட்காரும். 2028இல் கிளம்பி 2034இல் சேரவேண்டும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று எங்கள் பாட்டி சொல்வாள். ஆனால் இது போய்ச்சேரும்போது நடுக்கோட்டுப் பக்கம் கார் முடிந்து வருடங்கள் ஆகியிருக்கும்.

இதைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். 2034இல் தனக்கு இருபது வயது என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். டைட்டன் சனியைச் சுற்றிவர பதினாறு நாள், அதனால் ஒரு நோட்டில் தினமும் சனியை வட்டமாகப் போட்டு டைட்டன் எங்கே இருக்கிறது என்று புள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன். நடுவில் நாலு நாள் மேகமூட்டம், அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாள். பதினாறாம் நாள் புள்ளி முதல் இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குடை வரைந்து, அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி போட்டாள்.